கயின்தாவின் பெயரும் சென்னைச் சிப்பாய்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் கடல் கடந்து போன தமிழர்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் பிலிப்பைன்ஸில் மணிலாவை ஒட்டியிருக்கும் கயின்தா என்ற ஊரைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. சென்னையிலிருந்து போன சிப்பாய்கள் உண்டாக்கிய ஊர் அது, பெயரும் அவர்கள் வைத்ததுதான், நம்முடைய 'காய்ந்த' என்ற சொல்தான் அங்கே போய்க் கயின்தா ஆகிவிட்டது என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். சிப்பாய்கள் போனது உண்மை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஊரை அவர்கள் உண்டாக்கவும் இல்லை, பெயர் வைக்கவும் இல்லை. ஒரு வரித் திருத்தம் போட்டுவிட்டு நீங்கள் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் அந்தத் தப்பான கதையைவிட நடந்த கதை எவ்வளவோ பெரியது, அதை நம் பத்திரிகைகள் இதுவரை ஒழுங்காகச் சொன்னதாக நான் பார்க்கவில்லை.

வேலை நிமித்தம் சில வருடங்கள் மணிலாவில் இருந்தவன் நான். அலுவலகம் ஒர்த்திகாஸ் பகுதியில். அங்கே வாடகை கட்டுப்படியாகாது என்பதால், அந்தப் பக்கம் வேலை பார்க்கிற ஏராளமானவர்களைப் போலக் கயின்தாவில் வீடு பிடித்து, அந்த ஊர் ஷேர் வண்டியான ஜீப்னியில் போய் வந்துகொண்டிருந்தேன். ஊர் என்று சொல்கிறேனே தவிர, 2020 கணக்கெடுப்புப்படி அங்கே 3,76,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். நம் ஊர் வார்டு மாதிரி அங்கே பரங்காய் என்று ஒரு பிரிவு உண்டு. கயின்தாவில் ஏழு பரங்காய்கள், ஏழுக்கும் கத்தோலிக்கப் பெயர்கள்: சான் அந்திரேஸ், சான் ஹுவான், சான் ரோக்கே, சான் இசித்ரோ, சாந்தா ரோசா, சாந்தோ தொமிங்கோ, சாந்தோ நின்யோ. முன்னூறு வருடத்துக்கு மேல் ஆண்ட ஸ்பானியர்கள் விட்டுப்போன பெயர்கள் இவை. ஊரின் பெயர் மட்டும் எந்தப் புனிதரிடமும் போய்ச் சேரவில்லை. அது அவர்கள் வருவதற்கு முன்பே வேர் பிடித்துவிட்ட பெயர் என்று அதிலிருந்தே ஒரு துப்பு கிடைக்கிறது.

துப்பு எதற்கு, எழுத்திலேயே இருக்கிறது. 1571 மே மாதம் மிகெல் லோபெஸ் தெ லெகாஸ்பி மணிலாவுக்குள் நுழைந்தார், ஜூன் 24ம் தேதி அதை ஸ்பெயின் மன்னரின் நகரமாக அறிவித்தார். சுற்று வட்டாரத்தில் பல ஊர்கள் வந்து பணிந்தன. கயின்தாவும் அதன் பக்கத்து ஊரான தாய்தாயும் பணியவில்லை. ஆகஸ்ட் மாதம் லெகாஸ்பி தன் பேரன் ஹுவான் தெ சல்செதோவைப் படையோடு அனுப்பினார். அடுத்த வருடமே, 1572ல், பெயர் போடாத ஒரு ஸ்பானியர் இந்தப் படையெடுப்புகளைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி வைத்தார், அதில் கயின்தா என்ற பெயர் அப்படியே வருகிறது. ஊரின் வர்ணனையும் இருக்கிறது. சுமார் ஆயிரம் பேர் வாழ்கிற ஊர், சுற்றிலும் மிக உயரமாக, மிக நெருக்கமாக வளர்ந்த மூங்கில் காடு, அதற்குள் மதில், மதிலில் சில சிறிய பீரங்கிகள். மணிலாவுக்கு ஓடும் அதே ஆறு இந்த ஊரை வளைத்துக்கொண்டு போகிறது, அதன் ஒரு கிளை ஊருக்கு நடுவே புகுந்து இரண்டாகப் பிரிக்கிறது. அப்படி ஒரு கோட்டை ஊர். அதன் தலைவன் பெயர் கத் மைத்தான் என்று ஊர் வரலாறு சொல்கிறது, 'கத்' என்பது மணிலா வட்டாரத்து இனமான தகாலோக் மக்களிடையே அந்தக் காலத்தில் பெரிய மனிதர்களுக்குப் பெயருக்கு முன்னால் போடும் பட்டம். சல்செதோவின் துப்பாக்கிகளுக்கு முன்னால் மூங்கில் அரண் நிற்கவில்லை, ஊர் விழுந்தது, நிறைய உயிர்கள் போயின.

இதெல்லாம் நடந்தது 1571ல். நம் சிப்பாய்கள் மணிலாக் கரையில் இறங்கியது 1762ல். இடையில் 191 வருடம். அப்படியிருக்க அவர்கள் எப்படி அந்த ஊருக்குப் பெயர் வைத்திருக்க முடியும்?

அப்புறம் அந்தக் 'காய்ந்த' விஷயம். மேலே சொன்ன வர்ணனையைப் படித்தவர்களுக்கே தெரிந்திருக்கும், ஊரே ஆற்றுக்குள் உட்கார்ந்திருந்தது. இன்றைக்கும் அது தாழ்வான ஊர்தான். ஒரு பக்கம் லகுனா ஏரி, இன்னொரு பக்கம் மரிகினா ஆறு, மேலே அந்திபோலோ மலையிலிருந்து இறங்கும் தண்ணீர். 2009 செப்டம்பர் 26ம் தேதி ஒந்தோய் புயல் கொட்டிய மழையில் கயின்தா மூழ்கியது, அந்த நாளைப் பற்றிப் பேசாத ஒரு குடும்பத்தைக்கூட நான் அங்கே சந்தித்ததில்லை. நான் குடியிருந்த வீட்டில் கீழ்த்தளச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இருந்தது, மேலே சுண்ணாம்பு அடித்தும் அது தெரிந்தது. எனக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா அரிசி மூட்டைகளை மாடியில்தான் வைத்திருப்பார். அப்படிப்பட்ட ஊருக்கு யாராவது 'காய்ந்த' என்று பெயர் வைப்பார்களா? ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக ஒரு ஊரின் பெயரை நம் பக்கம் இழுப்பவர்கள், குறைந்தபட்சம் அந்த ஊர் எப்படி இருக்கும் என்றாவது பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

அந்த ஊர்க்காரர்களிடமும் ஒரு பெயர்க் கதை உண்டு. ஹசிந்தா என்று ஒரு வசதியான, நல்ல மனசுள்ள மூதாட்டி இருந்தாராம், அவர் பெயர்தான் மருவிக் கயின்தா ஆனதாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் கதை, அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதற்கும் இதே சோதனைதான். ஹசிந்தா என்பது ஞானஸ்நானத்தில் வைக்கிற ஸ்பானியப் பெயர். பாதிரியார்கள் வந்து ஞானஸ்நானம் கொடுக்கத் தொடங்குவதற்கு முன்னாலேயே, சல்செதோ சண்டைக்குப் போனபோதே, அந்த ஊர் கயின்தாதான். சென்னையிலிருந்து போன கதைக்கு ஒரு நியாயம், ஸ்பெயினிலிருந்து போன கதைக்கு வேறு நியாயம் என்று நான் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டுமே காலக்கணக்கில் அடிபடுகின்றன.

அந்த வட்டாரத்தில் ஊர்களுக்குப் பெயர் எப்படி வந்தது என்று பார்த்தாலே நிறையப் புரியும். மலைமேல் இருக்கும் அந்திபோலோவுக்குத் திபோலோ மரத்தால் பெயர், நம் ஈரப்பலா இனத்து மரம் அது. தாய்தாய் என்றால் மரமோ மூங்கிலோ போட்ட பாலம். தகாலோக் என்ற இனப்பெயரையே ஆற்றங்கரைக்காரர்கள் என்றுதான் பிரிக்கிறார்கள், இலோக் என்றால் ஆறு. மணிலா மட்டும் கொஞ்சம் சிக்கலானது. நிலாத் என்ற ஒரு செடி அங்கே நிறைய வளர்ந்ததால் மைநிலாத் என்று பெயர் வந்தது என்பது பள்ளிக்கூடப் பாடம், ஆனால் கடைசியில் இருக்கும் 'த்' எங்கே போனது என்பதற்குப் பதில் இல்லை. நிலா என்றால் அவுரி, மைநிலா என்றால் அவுரி இருக்கும் இடம் என்பதைத்தான் இப்போது பல ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. அந்த நிலா நம் நீலத்தின் உறவுதான், சமஸ்கிருதச் சொல், மலாய் வணிகர்கள் வழியாகப் போயிருக்கிறது. இதைவிடப் பழைய பெயர் தொந்தோ, மணிலாவின் வடபகுதி. 1989ல் லகுனா மாகாணத்தில் ஆற்று மணல் அள்ளும்போது ஒரு செப்புத் தகடு கிடைத்தது. அதில் சக வருடம் 822 என்று தேதி போட்டிருக்கிறது, அதாவது கி.பி. 900, நம்மூரில் முதலாம் ஆதித்த சோழன் ஆண்ட காலம். ஒரு குடும்பத்தின் தங்கக் கடன் தீர்ந்தது என்று எழுதிக்கொடுத்த பத்திரம் அது. அதில் துந்துன் என்று ஒரு ஊர்ப்பெயர் வருகிறது, அதைத் தொந்தோ என்றுதான் பெரும்பாலானவர்கள் படிக்கிறார்கள். இந்தியாவின் காலக்கணக்கும் சமஸ்கிருதச் சொற்களும் அந்த ஏரிக்கரைக்கு ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே போய்விட்டன என்பதற்கு அந்த ஒரு தகடு போதும். இவ்வளவு கெட்டியான சான்று இருக்கும்போது 'காய்ந்த' போன்ற விளையாட்டெல்லாம் நமக்குத் தேவையா?

சரி, சிப்பாய்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரை இரண்டு வரியில் கடந்துபோன இடம் இது.

1762ம் வருடத்துச் சென்னையை நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகை முடிந்து மூன்று வருடம், வந்தவாசிச் சண்டை முடிந்து இரண்டு வருடம், புதுச்சேரி விழுந்து ஒரு வருடம் ஆகியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை ஓய்ந்துவிட்டது, படை சும்மா இருக்கிறது. அந்த நேரத்தில் ஐரோப்பாவில் ஸ்பெயினும் பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியது. மணிலா ஸ்பெயினுடையது, மெக்சிகோவிலிருந்து வருடா வருடம் வெள்ளி ஏற்றிய கப்பல் வந்து சேரும் துறைமுகம். பிரிகேடியர் வில்லியம் டிரேப்பரும் கடற்படைத் தளபதி சாமுவேல் கார்னிஷும் சென்னைக் கோட்டையில் ஆள் திரட்டினார்கள். அவ்வளவு படையை வெளியே அனுப்பினால் இங்கே என்ன ஆகும் என்று சென்னைப் படைத் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் முரண்டு பிடித்தார். கடைசியில் 79வது ரெஜிமெண்ட் என்ற ஆங்கிலேயப் படையோடு, பீரங்கிக்காரர்கள், கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்து சேர்ந்திருந்த பிரெஞ்சுக்காரர்கள், துப்பாசிகள் எனப்பட்ட கலப்பினக் கிறிஸ்தவர்கள், ஆப்பிரிக்கர்கள், இவர்களோடு சுமார் 600 சிப்பாய்கள் என்று ஒரு கலவைப் படை புறப்பட்டது. அந்தச் சிப்பாய்கள் எல்லோரையும் தமிழர்கள் என்று சொல்லிவிட முடியாது. கம்பெனியின் சென்னைப் படையில் தமிழர்களும் தெலுங்கர்களும் ஆற்காட்டுப் பக்கத்து முஸ்லிம்களும் கலந்தே இருந்தார்கள். மருதநாயகம் என்று நாம் சொல்லும் யூசுப் கான் வளர்ந்து பெரிய ஆளானது இதே சிப்பாய்ப் படையில்தான், சிப்பாய்கள் மணிலாவில் இருந்த அதே நாட்களில்தான் அவர் மதுரையில் கம்பெனியை எதிர்த்து நின்றார், 1764 அக்டோபரில் தூக்கில் போட்டார்கள்.

செப்டம்பர் 23ம் தேதி வாக்கில் கப்பல்கள் மணிலா விரிகுடாவில் நின்றன. போர் தொடங்கியிருக்கிறது என்ற செய்தியே அங்கே இருந்த ஸ்பானியர்களுக்கு வந்து சேரவில்லை. ஆளுநர் பதவி காலியாக இருந்ததால் பேராயர் மனுவேல் ரோஹோ ஆட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டும் மழையில், அலை அடித்துக் கவிழ்க்கிற கடலில், மலாத்தே கரையில் படை இறங்கியது. அக்டோபர் 6ம் தேதி கோட்டை விழுந்தது, நகரம் சூறையாடப்பட்டது, நாற்பது லட்சம் பெசோ கொடு என்று பேராயரிடம் எழுதி வாங்கினார்கள். நவம்பர் மாதம் கம்பெனி தன் ஆளுநரை உட்கார வைத்தது. அவர் சென்னை ஆலோசனைக் குழுவில் இருந்த டாசன் டிரேக். அதாவது ஒன்றரை வருடம் மணிலா நகரம் சென்னைக் கோட்டையின் கீழ் இருந்தது! இது நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது.

நகரம்தான் விழுந்ததே தவிர நாடு விழவில்லை. சிமோன் தெ அந்தா என்ற ஸ்பானிய நீதிபதி தப்பித்துப் பம்பாங்கா மாகாணத்தில் பகோலோர் ஊருக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, நான்தான் ஆளுநர் என்று அறிவித்து எதிர்ப்பை நடத்தினார். மணிலாவுக்கு வரும் அரிசியையும் மாட்டையும் தடுத்தார். அதனால் சாப்பாட்டு வழியைத் திறந்து வைக்க பிரிட்டிஷார் ஆற்றோடு மேலேறிப் பாசிக் ஊரைப் பிடித்தார்கள், சிப்பாய்களை அங்கே காவலுக்கு வைத்தார்கள். பாசிக்கை அடுத்தது கயின்தா. இவ்வளவு பெரிய தீவுக்கூட்டத்தில் நம் ஆட்கள் ஏன் இந்த ஒரு ஊரில் போய்ச் சேர்ந்தார்கள் என்பதற்குக் காரணம் இதுதான், பெயரில் தேட வேண்டியதில்லை. காவல் நின்ற இடத்துக்குப் பக்கத்து ஊர், அவ்வளவுதான்.

அதற்குள் ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது. 1763 பிப்ரவரி 10ம் தேதி பாரிஸில் கையெழுத்து போட்டபோது மணிலா விழுந்த செய்தியே அங்கே போய்ச் சேரவில்லை, ஒப்பந்தத்தில் அந்தப் பெயர்கூட இல்லை. தெரியாமல் பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுப்பது என்ற ஒரு பொது விதியின் கீழ் அது திரும்பப் போனது. 1764 ஏப்ரலில் பிரிட்டிஷ் கப்பல்கள் புறப்பட்டன. சிப்பாய்களில் ஒரு பகுதியினர் ஏறவில்லை. அந்த ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு கயின்தாவிலும் அக்கம் பக்கத்திலும் தங்கிவிட்டார்கள்.

ஏன் தங்கினார்கள் என்று அவர்களே சொல்லி யாரும் எழுதி வைக்கவில்லை. என் மனசுக்குப் படுவது இது: திரும்பி வந்தால் அடுத்து எந்தச் சண்டைக்கு அனுப்புவார்களோ தெரியாது, இங்கே மதுரையில் தன் கூட்டாளிகளை எதிர்த்தே நிற்க வேண்டியிருந்திருக்கும். அங்கே ஈரமான வயல், ஆறு, ஒரு மனைவி, ஒருவேளை கைக்குழந்தை. யாராக இருந்தாலும் யோசிப்பார்கள்.

தங்கியவர்கள் ஸ்பானிய ஆட்சியின் கீழ் ஒரு கத்தோலிக்க ஊரில் குடும்பமாக வாழ வேண்டும் என்றால் ஞானஸ்நானம் பெறாமல் முடியாது. அங்கே முதல் தடவை பெயர் போனது, முத்துவோ வெங்கடனோ இஸ்மாயிலோ, ஹுவானாகவும் பெத்ரோவாகவும் மாறியிருப்பார்கள். இரண்டாவது தடவை 1849ல். அந்த வருடம் நவம்பரில் ஆளுநர் நார்சிசோ கிளாவேரியா ஒரு ஆணை போட்டார். வரி வாங்கவும் கணக்கெடுக்கவும் வசதியாக எல்லோருக்கும் குடும்பப் பெயர் வேண்டும் என்று, அகர வரிசையில் பெயர்ப் பட்டியல் ஒன்றை அச்சடித்து ஊர் ஊராக அனுப்பி, அதிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். சில ஊர்களில் ஊர் முழுக்க ஒரே எழுத்தில் தொடங்கும் குடும்பப் பெயர்கள் இருப்பதற்கு இதுதான் காரணம். அதனால் இன்றைக்குக் கயின்தாவில் யாருடைய குடும்பப் பெயரை வைத்தும் இவர் சிப்பாய் வம்சம் என்று கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் 1899 மார்ச்சில் அமெரிக்கர்களோடு நடந்த போர் கயின்தாவுக்குள் வந்தது. ஒளியின் அன்னை தேவாலயம் எரிந்தது, உள்ளே இருந்த, இத்தாலியின் சிசிலியிலிருந்து வந்த பழைய அன்னை ஓவியமும் சாம்பலானது. இப்போது இருக்கும் ஓவியம் பெர்னாந்தோ அமோர்சோலோ பின்னாளில் வரைந்து கொடுத்தது. 1903ல் ஊரையே தாய்தாயோடு சேர்த்துவிட்டார்கள், 1914ல்தான் மறுபடி தனி ஊர் ஆனது. ஒரு கட்டத்தில் கயின்தா என்ற பெயருக்கே ஆபத்து வந்து தப்பியிருக்கிறது என்று சொல்லலாம்.

என் வீட்டுக்காரம்மா தன் அம்மா வழியில் 'செப்பாய்' இரத்தம் இருக்கிறது என்று சொல்வார், அந்தச் சொல்லை அப்படியேதான் சொல்வார். ஆதாரம் என்ன என்று கேட்டால் தன் தாத்தாவின் மூக்கையும் நிறத்தையும் உயரத்தையும் வர்ணிப்பார். பெயர் ஒன்றும் தெரியாது. அந்த வம்சத்தவர் அதிகம் என்று சொல்லப்படும் பகுதியின் பெயர் தயாப், தகாலோக்கில் எலுமிச்சை இனத்துக் காய் ஒன்றின் பெயர். கவனியுங்கள், நம் ஆட்கள் வாழ்ந்த தெருவுக்குக்கூட அந்த மண்ணின் செடிப் பெயர்தான். இந்தியர்கள் எல்லோரையும் அங்கே 'பும்பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள், என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், பெரும்பாலும் வட்டிக்குப் பணம் கொடுக்கும் பஞ்சாபிகளை மனதில் வைத்துக்கொண்டு. ஆனால் நான் சென்னைக்காரன், அந்தச் சிப்பாய்கள் கப்பல் ஏறிய ஊர்க்காரன் என்று சொன்ன பிறகு வீட்டுக்காரம்மா முகத்தில் ஒரு மாற்றம். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு என்னைக் குடும்பத்தோடு உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்.

சாப்பாடு என்றதும் கரே-கரே பற்றி எழுதாமல் விட முடியாது, உங்கள் கட்டுரையிலும் அது வருகிறது. மாட்டு வாலை மணிக்கணக்கில் வேகவைத்து, வாழைப்பூ, கத்தரிக்காய், நீளமான காராமணி போட்டு, அரைத்த வேர்க்கடலையில் கெட்டியாகக் குழம்பு வைப்பார்கள். மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம், அது அனாத்தோ விதையிலிருந்து வருவது. மிளகாய் கிடையாது, மல்லி கிடையாது, உப்பும் குறைவு, பக்கத்தில் வைக்கிற இறால் விழுதைத் தொட்டுக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். ஊர் ஏக்கத்தில் சிப்பாய்கள் கிடைத்ததை வைத்துச் செய்த கறிதான் இது என்று கயின்தாவில் சொல்வார்கள். பெயர் ஒலிப்பதைக் கேட்டால் நம்பத்தான் தோன்றும். ஆனால் பம்பாங்காக்காரர்கள் எங்கள் சமையல் என்கிறார்கள், வேர்க்கடலையும் அனாத்தோவும் மெக்சிகோவிலிருந்து ஸ்பானியக் கப்பலில் வந்தவை. அதைச் சிப்பாய்களின் கண்டுபிடிப்பு என்று உறுதியாக அச்சடித்தது சரியில்லை, ஊரில் அப்படிச் சொல்கிறார்கள் என்று போட்டிருந்தால் போதும். கயின்தா உண்மையிலேயே பெருமைப்படுவது வேறு சாப்பாட்டுக்கு. தேங்காய்ப்பாலில் வெந்து இலையில் சுற்றிய சுமான், மேலும் கீழும் கரி நெருப்பு வைத்து வாழை இலைமேல் வேகும் பிபிங்கா, தேங்காய்ப்பாலைச் சுண்டக் காய்ச்சினால் அடியில் பழுப்பாகத் திரளும் லாத்திக். இந்த மூன்று பெயரையும் ஒட்டி சும்பிங்திக் என்று ஒரு திருவிழாவே நடத்துகிறார்கள். எழுதுவதென்றால் அதையும் எழுதுங்கள், அவர்கள் தாங்களாகவே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது அதுதான்.

இதே கட்டுரையில் பிலிப்பைன்ஸின் செபு தீவைச் சோழ இளவரசன் ஆண்டான் என்ற வரியும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகச் சுற்றுகிற விஷயம். அந்தக் கதை இருபதாம் நூற்றாண்டில் அச்சான ஒரு வாய்மொழித் தொகுப்பிலிருந்து வருவது. முதலாம் ராஜேந்திரன் தன் கடற்படை வென்ற இடங்களைத் தஞ்சாவூர்க் கல்வெட்டில் ஒன்று விடாமல் பொறித்து வைத்திருக்கிறான்: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாநக்கவாரம், கடாரம் என்று நீளும் பட்டியல். பிலிப்பைன்ஸ் ஊர் ஒன்றும் அதில் இல்லை. அவனே சொல்லிக்கொள்ளாத வெற்றியை நாம் ஏன் அவன் தலையில் கட்ட வேண்டும்?

இவ்வளவு எழுதியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. டிரேப்பர் ஊர் திரும்பி, பிரிஸ்டல் நகரத்தில் கிளிஃப்டன் பகுதியில் தன் 79வது ரெஜிமெண்டுக்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்தார். வந்தவாசி, புதுச்சேரி, மணிலா என்று சண்டைகளின் பெயர், செத்துப்போன ஆங்கில அதிகாரிகளின் பெயர் எல்லாம் அந்தக் கல்லில் இருக்கின்றன. தன் வீட்டுக்கே மணிலா ஹால் என்று பெயர் வைத்துக்கொண்டார். நான் வசிக்கிற சைதாப்பேட்டையில் மறைமலையடிகள் பாலத்தருகே ஒரு பழைய கல்வெட்டு நிற்கிறது, 1726ல் அங்கே மர்மலாங் பாலத்தைக் கட்டிக்கொடுத்த ஆர்மேனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கானுடையது. அவர் மணிலாவில் வியாபாரம் செய்து சம்பாதித்துவிட்டுச் சென்னையில் குடியேறியவர். நம் சோழமண்டலக் கரைத் துணி மணிலாவுக்குப் போய் அங்கிருந்து மெக்சிகோ வெள்ளி இங்கே வந்த காலம் அது, ஸ்பானியர்கள் ஆங்கிலேயக் கப்பலை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் ஆர்மேனியர் பெயரில் சரக்கு போகும். வணிகருக்குக் கல் இருக்கிறது, அதிகாரிக்குக் கல் இருக்கிறது. அந்த 600 பேருக்கு இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை.

ஆனால் காகிதம் இருக்கிறது. மணிலாவில் டிரேக் நடத்திய ஆலோசனைக் கூட்டங்களின் பதிவுகள் சென்னைக்கு வந்து சேர்ந்தவை. 1940களில் சென்னை ஆவணக் காப்பகம் 'மணில்யா கன்சல்டேஷன்ஸ்' என்ற பெயரில் அவற்றைப் பல தொகுதிகளாக அச்சிட்டிருக்கிறது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, உங்கள் அலுவலகத்திலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். படைச் செலவு, அரிசி, யார் எங்கே காவல், இப்படி அன்றாட விஷயங்களைக் கம்பெனிக்காரர்கள் எழுதி வைக்காமல் விடமாட்டார்கள். ஒரு இளம் நிருபரை ஒரு மாதம் அங்கே உட்கார வையுங்கள். சுபேதார், ஜமேதார் யாருடைய பெயராவது ஒன்று அகப்பட்டாலும் அதை முதல் பக்கத்தில் போடுங்கள், என் வீட்டுக்காரம்மாவுக்கு அந்தப் பக்கத்தை நானே அனுப்பி வைக்கிறேன்.

அதற்கு முன்னால், வருகிற ஞாயிறு இணைப்பில் இரண்டு திருத்தம் போட்டுவிடுங்கள். கயின்தா 1571க்கு முன்பே இருந்த தகாலோக் ஊர், பெயரும் அவர்களுடையதே என்பது ஒன்று. செபுவைச் சோழர்கள் ஆண்டதற்குக் கல்வெட்டுச் சான்று இல்லை என்பது இன்னொன்று.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சைதாப்பேட்டை, சென்னை